முப்பத்திரண்டாவது மகஜர்

ஓய்வுபெற்ற சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் சுடலைக்கண்ணு இரண்டு வருஷத்தில் முப்பத்தொரு வீடுகளில் வாழ்ந்து முடித்திருந்தார். ஒவ்வொன்றிலும் சுமார் நாற்பது நிமிஷம்.

எல்லாம் மாதிரி வீடுகள். தென்காசியைச் சுற்றி எங்கே ஒரு வயலை மூடி, வளைவு கட்டி, 'வில்லாஸ்' என்று போர்டு வைத்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி மகளோடு அவர் அங்கே ஆஜர். கம்பெனி வேன் வாசலுக்கே வரும். ஏறினால் தண்ணீர் பாட்டில், இறங்கினால் ஏலக்காய் டீ, மதியம் பிரியாணிப் பொட்டலம், சீசன் நேரமென்றால் திரும்பும் வழியில் குற்றாலத்தில் ஒரு குளியல். இத்தனைக்கும் மேலே 'சார்' என்ற அழைப்பு. முப்பத்து நான்கு வருஷ சர்வீஸில் அவர்தான் கண்டவர்களுக்கெல்லாம் 'சார்' போட்டுக்கொண்டிருந்தார். இப்போது டை கட்டிய பையன்கள் வரிசையில் நின்று அவருக்குப் போட்டார்கள். அந்த ருசி பிரியாணியில் இல்லை.

சும்மா பார்த்துவிட்டு வருகிறவர் இல்லை அவர். கையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. களவு போன வீடோ, கலவரம் நடந்த தெருவோ, போலீஸ்காரர் போய் இடத்தைப் பார்த்து எழுதி, சாட்சி கையெழுத்து வாங்குகிற மகஜர் என்ற காகிதத்தை அவர் சர்வீஸில் ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. 'மேற்படி வீடானது கிழக்கு பார்த்த தலைவாசலுடன் உள்ளது. மேற்படி தலைவாசலிலிருந்து மேற்கே பதினான்கு அடி தூரத்தில் மேற்படி சமையலறை அமைந்துள்ளது' என்று ஆரம்பித்து, வடக்கு எது என்று அம்புக்குறி போட்ட படம் வரைந்து, கீழே விற்பனைப் பையனிடமும் வேன் டிரைவரிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கிவிடுவார். அவர்கள் படித்துப் பார்க்காமலே போட்டுக் கொடுப்பார்கள். அவர் சர்வீஸிலும் எந்தச் சாட்சியும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை. படிக்க நேரம் கொடுத்தால் கேஸ் நிற்காது என்பது அவருடைய அனுபவம்.

ஒவ்வொரு மகஜரின் கடைசியிலும் 'குறை' என்று ஒரு வரி இருக்கும். பண்பொழி ரோட்டு வீட்டில் மாடிப்படி இடது பக்கம் திரும்பியது. இலஞ்சிப் பக்கத்து வீட்டில் மயில் சத்தம் அதிகம். இன்னொன்றில் காலிங் பெல் அழுவதுபோல ஒலித்தது. ஆக, முப்பத்தொரு வீடும் தள்ளுபடி.

அவர் மனைவி ரெங்கம்மாள் முதல் பத்து வீடு வரைக்கும் மனுஷன் பார்த்துப் பார்த்துத் தேடுகிறார் என்றுதான் நம்பினாள். கல்யாணம் ஆனதிலிருந்து மாமியார் வீட்டிலும் போலீஸ் குவார்ட்டர்ஸிலும் வாடகை வீட்டிலுமாகப் பதினான்கு அடுப்படி கண்டவள். ஒவ்வொரு மாதிரி வீட்டிலும் சமையலறைக்குள் நுழைந்ததும் அரிசி டின் இங்கே, கிரைண்டர் அங்கே, கறிவேப்பிலைத் தொட்டி சன்னலோரம் என்று மனசுக்குள் அடுக்கிவிடுவாள். வேன் கிளம்பும்போது அத்தனையையும் இறக்கி மூட்டை கட்ட வேண்டியிருக்கும். முப்பத்தொரு முறை இப்படிக் குடியேறிக் காலி செய்ததில் நிஜமாகவே லாரி ஏற்றினவளுக்கு வருகிற முதுகுவலி அவளுக்கு வந்தது.

இந்த ஆனி மாதத்தில் விஷயம் முற்றிவிட்டது.

மேலகரத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்காரி ஹாஜரா பீவி, மகன் சமீருக்கு ஆவணியில் கல்யாணம், மாடி வேண்டும் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆனால் ஆனி முடிவதற்குள் போகிற வீட்டில் பாலைப் பொங்க வைத்து, உப்பும் அரிசியும் வைத்துவிட்டு வந்துவிட்டால் போதும், சாமான் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஊர் நடைமுறை அது. சுடலைக்கண்ணு அதற்கு வழி கண்டுபிடித்திருந்தார். கடையத்தில் அவருடைய அண்ணன் குற்றாலீஸ்வரன் வீட்டின் பின்கட்டு காலியாகக் கிடந்தது. திங்கட்கிழமை விடியற்காலையில் அங்கே பால் காய்ச்சுவது என்று அண்ணனிடம் பேசி முடித்துவிட்டார்.

ரெங்கம்மாள் அந்த வீட்டில் புதுப்பெண்ணாக மூன்று வருஷம் இருந்திருக்கிறாள். சாமான் அறைச் சாவி, அண்ணன் மனைவியான மதினியின் இடுப்பில் இருக்கும். குழம்புக்கு உப்பு பற்றவில்லையென்றால், மதினி குளித்து, சாமி கும்பிட்டு, தலை துவட்டி வரும்வரை கரண்டியோடு நிற்க வேண்டும். இப்போது மதினிக்கு எழுபது வயது. சாவி இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் ரெங்கம்மாள் கேட்டாள். நாளைக்குப் பார்க்கிற வீடு நன்றாக இருந்தால் அங்கேயே பால் காய்ச்சிவிடலாமா? பேங்கில் ஓய்வுக்காலப் பணம் தூங்குகிறது. மகள் முத்துச்செல்வி போட்டித் தேர்வில் முதல் கட்டம் தேறியிருக்கிறாள். இனியும் எதற்குக் காத்திருப்பது? சுடலைக்கண்ணு ரசத்தை உறிஞ்சியபடி, பாப்போம் என்றார். முப்பத்தொரு தடவையும் அவர் சொன்ன அதே பாப்போம்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தபோது ரெங்கம்மாள் ஒரு வயர் கூடையோடு ஏறினாள். உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, ஒரு குத்துவிளக்கு, திருமலை முருகன் படம், வெண்கலப் பானை. வீட்டைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிக் கடையம் போய் ராத்திரி தங்குவதாக ஏற்பாடு. பாலை மட்டும் அங்கே மதினி தருவாளாம். அதையும் அளந்துதான் தருவாள்.

குத்துக்கல்வலசையைத் தாண்டி வேன் நின்றது. 'அருவி வியூ வில்லாஸ்' என்று வளைவில் எழுதியிருந்தது. மொத்தம் இருபத்து நாலு வில்லாக்கள், அதில் ஒன்றாம் நம்பர் மட்டும் திரைச்சீலையெல்லாம் போட்டு மாதிரி வீடாகத் தயார். விற்பனைக்காரன் எபனேசர், சாரலில் நனைந்த டையோடு குடை பிடித்து வரவேற்றான். அருவி எங்கே என்று சுடலைக்கண்ணு முதல் கேள்வியைப் போட்டார். மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதில் ஏறி நின்று, தென்னந்தோப்புக்கும் செல்போன் டவருக்கும் நடுவே பார்த்தால் மலையில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அந்த நாற்காலிக்கு ஐந்து சதவீதம் விலை கூடுதல் என்பதை எபனேசர் சொல்லவில்லை.

அன்றைக்கு வீடு நிரம்பி வழிந்தது. குற்றாலம் பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டியதால் போலீஸ் குளிக்கத் தடை போட்டிருந்தது. தடை போட்டால் வில்லாக்காரர்களுக்குத் திருவிழா. குளிக்க வந்து கைபிசைந்து நின்றவர்களையெல்லாம் வேனில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். சாத்தூர், விருதுநகர், எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் தலையில் சொட்டச் சொட்ட எண்ணெயும் கையில் சோப்பு டப்பாவுமாக ஹாலைச் சுற்றி வந்தார்கள். சோபாவுக்குப் பாலித்தீன் உறை ஏன் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் முத்துச்செல்விக்குப் புரிந்தது.

வீட்டுக்குள் எல்லாமே இருப்பதுபோல இருந்தது. சாப்பாட்டு மேஜையில் பழக்கூடை, பிளாஸ்டிக். அலமாரியில் புத்தகங்கள், வெறும் முதுகு மட்டும். சுவரில் பெரிய டிவி, கறுப்பு அட்டை. படுக்கையறைகளுக்குக் கதவே இல்லை. கதவு இருந்தால் அறை சின்னதாகத் தெரியும் என்று கழற்றி வைத்திருந்தார்கள். கட்டிலும் அப்படித்தான், அறை பெரிதாகத் தெரிவதற்காக ஒரு அடி குறைத்துச் செய்தது. அது எபனேசருக்கும் தச்சருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

சுடலைக்கண்ணு நோட்டை விரித்தார். முத்துச்செல்விக்கு மாடி அறை, தனக்குக் கீழே அறை, வாசல் பக்கம் ஈசி சேர், அதில் தான் உட்கார்ந்திருக்கும்போது கேட்டில் வந்து நிற்கிறவர்கள் செருப்பை எங்கே கழற்றுவார்கள் என்பதுவரை ஏற்பாடு செய்து முடித்தார். பிறகு சோதனை. சுவரைத் தட்டினார். குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீரைக் குடித்தார், இனித்தது. வாசல் கிழக்கு. சமையலறை தென்கிழக்கு. மாடிப்படி வலது பக்கமாகவே ஏறியது. காலிங் பெல்லை நான்கு தரம் அடித்தார், குயில் கூவியது. மயில் ஒன்றையும் காணோம்.

நோட்டில் 'குறை' என்று எழுதிவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி அவர் நிற்பதை ரெங்கம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பேனா நகரவில்லை. இத்தனை வீட்டில் இப்படி ஒரு நிலைமை வந்ததேயில்லை. எபனேசர் சும்மா இருக்கவில்லை. தென்காசியில் அரிசி மண்டி வைத்திருக்கும் நல்லதம்பி அண்ணாச்சி இதே வீட்டை முடிக்கப் பதினொரு மணிக்குக் குடும்பத்தோடு வருகிறார், சார் முதலில் சொன்னால் சாருக்கே என்று கிசுகிசுத்தான்.

சுடலைக்கண்ணுவுக்கு வேர்த்தது. குறை இல்லாத வீடு என்றால் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் வராது. அவர் களைத்துப்போய்க் கட்டிலில் சாய்ந்தார்.

கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றன. போலீஸில் அளந்து சேர்த்த ஐந்து அடி பத்து அங்குலம் அவர். தன் பாதங்களைப் பார்த்ததும் முகத்தில் உயிர் வந்தது. படுத்தபடியே எழுதி, உரக்கப் படித்தார்.

"குறை. மேற்படி படுக்கையறையில் உள்ள கட்டில் நீளம் போதாது."

ரெங்கம்மாள் அந்தப் பாதங்களைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "கட்டில்தான? வேற ஒண்ணு வாங்கிப் போட மாட்டமா?"

"கட்டிலயே ஒழுங்கா செய்யாதவன் கட்டடத்த எப்படிட்டி செஞ்சிருப்பான்? மூணு மணி பஸ்ஸுக்குக் கடையம் போவோம். அண்ணன் காத்துக்கிட்டு இருப்பான்."

சொல்லிவிட்டு அவர் நிம்மதியாக மொட்டை மாடிக்குப் போனார், நாற்காலியில் ஏறி அருவியைப் பார்க்க.

ரெங்கம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். சமையலறைக்குப் பின்னால், பாத்திரம் கழுவப் போட்டிருந்த ஒர்க் ஏரியாவில் மாரி என்கிற பெண் சின்ன சிலிண்டர் அடுப்பில் பார்வையாளர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். ரெங்கம்மாள் இரண்டு விஷயம் கேட்டாள், ஒரு லிட்டர் பால், அரைமணி நேரம் அடுப்பு. மாரி கூடையையும் அதிலிருந்து எட்டிப் பார்த்த முருகனையும் வெண்கலப் பானையையும் பார்த்தாள்.

"ஒங்களுக்கா முடிஞ்சிருக்கு, அக்கா?"

"முடிக்கத்தான் போறேன்."

மாரிக்கு அதற்கு மேல் விவரம் தேவைப்படவில்லை. இரண்டு பேருமாக அடுப்பையும் சிலிண்டரையும் சமையலறைக்குள் தூக்கிக்கொண்டு போய்த் தென்கிழக்கு மூலையில் வைத்தார்கள். ரெங்கம்மாள் பழக்கூடையிலிருந்த பிளாஸ்டிக் ஆப்பிள்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கூடையில் உப்பைக் கொட்டினாள். யாரையும் கேட்காமல் கொட்டினாள். படத்தைச் சாத்தி, விளக்கை ஏற்றி, பானையை அடுப்பில் வைத்தாள். முத்துச்செல்வி உள்ளே வந்து பார்த்துவிட்டு அம்மாவைத் தடுக்கவில்லை. செல்போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

பால் திரண்டு எழும்பிக் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. ரெங்கம்மாள் குலவையிட்டாள். மாரி சேர்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு ரெங்கம்மாள் பொறுப்பில்லை. குலவைச் சத்தம் கேட்டால் நம் பக்கத்துப் பெண்கள் யார் வீடு, என்ன விசேஷம் என்றெல்லாம் விசாரிப்பதில்லை. ஹாலில் எண்ணெய்த் தலையோடு நின்ற இருபது பேரும் சோப்பு டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் குலவையிட்டார்கள். ஒரு சாத்தூர் அம்மாள் வீட்டுக்காரி யாரென்று கேட்டுவந்து ரெங்கம்மாளின் கையைப் பிடித்து, மகராசியா இருக்கணும் என்றாள். பால் வாங்க வரிசை நின்றது. முத்துச்செல்வி டீக்கு வைத்திருந்த காகிதக் கப்புகளில் சர்க்கரை போட்டு ஊற்றிக் கொடுத்தாள். சாப்பாடு எந்த மண்டபத்தில் என்று இரண்டு பேர் எபனேசரிடம் கேட்டார்கள். அவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

வரிசையின் வாலில் அரிசி மண்டி நல்லதம்பியும் அவர் மனைவி வடிவம்மாளும் வந்து சேர்ந்திருந்தார்கள். வந்த இடத்தில் விசேஷம் என்றால் வடிவம்மாள் முறை தவறாதவள். பாலை வாங்கிக் குடித்தாள், ரெங்கம்மாளுக்குக் குங்குமம் வைத்தாள், ஆல்போல் தழைக்க வேண்டும் என்று வாய் நிறைய வாழ்த்தினாள். பிறகு எபனேசரிடம் திரும்பி, எங்க வீடு எது தம்பி என்றாள்.

எபனேசர் தரையைக் காட்டினான்.

வடிவம்மாள் காலிக் கப்பைப் பார்த்தாள். பொங்கி வழிந்த பாலைப் பார்த்தாள். "ஒருத்தி பால் காய்ச்சுன வீட்டயா எங்க தலையில கட்டப் பாத்தே? அதுலயும் நான் வாங்கிக் குடிச்சு வாழ்த்திட்டேன். வாழ்த்துன வாயால அந்த வீட்டக் கேக்க முடியுமாடே?"

நல்லதம்பி வியாபாரி, ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிட்டார். பூச்சு வேலை மிச்சம் இருக்கும் இரண்டாம் நம்பரைக் குறைத்துக் கேட்கலாம் என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மனைக்கு நடந்தார்.

மொட்டை மாடியிலிருந்து குலவையைக் கேட்ட சுடலைக்கண்ணு, கீழே கம்பெனி விழா ஏதோ நடக்கிறது, பாயசம் இருக்கும் என்று இறங்கி வந்தார். கூட்டத்தில் கை நீட்டி ஒரு கப்பை வாங்கினார். பாதி குடித்த பிறகுதான் அதைக் கொடுத்தது தன் மகள் என்பதும், அடுப்பங்கரையில் விளக்கடியில் நிற்பது தன் மனைவி என்பதும் தெரிந்தது. மிச்சப் பாதியை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டே கத்தினார். அனுமதி இல்லாமல் அடுத்தவர் வீட்டில் நுழைந்து அடுப்புப் பற்ற வைத்தால் என்ன கேஸ் தெரியுமா, செக்ஷன் நானூற்று நாற்பத்தெட்டு என்றார்.

"அந்த நம்பரெல்லாம் மாத்தியாச்சுப்பா," என்றாள் முத்துச்செல்வி. "பரீட்சைக்குப் புது நம்பர்தான் கேப்பாவ."

கூட்டம் சிரித்தது. அவர் குரலை இறக்கினார். நடந்தது நடந்துவிட்டது, இது ஒன்றும் கணக்கில் வராது, நாளைக்குக் கடையத்தில் முறைப்படி காய்ச்சிக்கொள்வோம் என்று மனைவியின் கூடையைக் கையில் எடுத்தார்.

அப்போது முத்துச்செல்வியின் செல்போன் அடித்தது. கடையத்துப் பெரியம்மா. பால் பொங்குகிற படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டுப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தம்பி, படத்தப் பாத்தேன். வீடு லச்சணமா இருக்கு, நல்லா இருங்க," என்றது மதினியின் குரல். "ஆனா ஒண்ணு. அங்கன பொங்க வச்சிட்டு நாளைக்கு இங்கன வந்து இன்னொருக்க பொங்க வச்சா எங்க குடும்பத்துக்கு ஆகாது. ரெண்டு அடுப்பு பத்த வச்சவள இந்த நடையில நான் ஏத்த மாட்டேன். ஒங்க அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

போன் வைக்கப்பட்டது. முப்பத்து நான்கு வருஷத்தில் மதினி ரெங்கம்மாளுக்குச் செய்த முதல் உதவி அது. தான் செய்தது என்னவென்று மதினிக்குத் தெரிந்திருந்தால் பாலை அவளே கொண்டுவந்து கொடுத்துக் கடையத்தில் காய்ச்சச் சொல்லியிருப்பாள்.

சுடலைக்கண்ணு கூடையோடு நின்றார். மேலகரத்து மாடி சமீருக்கு. கடையத்துப் பின்கட்டு மூடியாயிற்று. வியாழக்கிழமை ஆடி. எல்லாப் பக்கமும் தடுப்பு வைத்து ஆளைப் பிடிப்பது எப்படி என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்.

"முப்பத்தொரு வீடு நீங்க பாத்தது," என்றாள் ரெங்கம்மாள். குரல் உயரவில்லை. "இது நான் பாத்தது. நோட்டுல குறைன்னு ஒரு எடம் விட்டிருக்கியள்லா, அதுல எம்பேர எழுதிக்கிடுங்க."

எபனேசர் சரியான நேரத்தில் சுவரை விட்டு நகர்ந்து வந்தான். கையில் பதினெட்டுப் பக்க ஒப்பந்தம். சுடலைக்கண்ணு கடைசியாக ஒரு வீரத்தைக் காட்டினார். கட்டில் குட்டை, அதற்காக விலையைக் குறைத்தால் யோசிக்கலாம் என்றார். எபனேசர் வெளியே போய் மேனேஜர் பாண்டியராஜிடம் பேசிவிட்டு வந்தான். குறைக்கச் சம்மதம், அதோடு சின்னதாக ஒரு நிபந்தனை மட்டும் பதினான்காவது பக்கத்தில் இருக்கிறது என்றான்.

"படிச்சுப் பாத்துட்டே போடுங்க சார். நேரம் இருக்கு."

"எலே, நான் எத்தன ஆயிரம் பேரக் கையெழுத்து போட வச்சவன் தெரியுமா?" என்றார் சுடலைக்கண்ணு. "எனக்கே படிக்கச் சொல்லித் தாரியா?"

பதினெட்டுப் பக்கத்திலும் சர்சர்ரென்று போட்டார். சாட்சியாக மாரியும் சாத்தூர் அம்மாளும் போட்டார்கள். அவர்களும் படிக்கவில்லை.

பதினான்காவது பக்கம் என்ன சொன்னது என்பது ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. வெள்ளிக்கிழமைதான் சாமான் வந்து இறங்கியிருந்தது. பத்து மணிக்குக் காலிங் பெல் குயிலாகக் கூவியது. எபனேசர் குடையோடு நின்றான். அவனுக்குப் பின்னால் வேன் நிறைய ஆட்கள். இருபத்து நாலு வில்லாவும் விற்று முடியும்வரை ஒன்றாம் நம்பர் மாதிரி வீடாகவே இருக்கும். ஞாயிறுதோறும் பத்திலிருந்து ஐந்துவரை திறந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கட்டில், அட்டை டிவி, வெறும் முதுகுப் புத்தகம் எதையும் மாற்றக் கூடாது. படுக்கையறைக்குக் கதவு மாட்டக் கூடாது.

சுடலைக்கண்ணு கத்திப் பார்த்தார். எபனேசர் பணிவாகப் பதினான்காவது பக்கத்துக் கையெழுத்தைக் காட்டினான். நல்ல தெளிவான கையெழுத்து, கீழே இரண்டு புள்ளியோடு.

அன்றிலிருந்து அவர் கட்டிலில் மூலைவாட்டத்தில் படுக்கிறார். அட்டை டிவிக்கு முன்னால் செல்போனைச் சாய்த்து வைத்துச் செய்தி பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. கண்டவர்கள் வந்து சுவரைத் தட்டுகிறார்கள், ஈசி சேரில் உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி வந்து இதுவும் வீட்டோடு சேர்த்தா என்று விசாரிக்கிறார்கள். யாரும் 'சார்' போடுவதில்லை. அதனால் ஒன்பது மணிக்கே வேறு கம்பெனி வேனில் ஏறிச் செங்கோட்டைப் பக்கமோ ஆய்க்குடிப் பக்கமோ போய்விடுகிறார். மகஜர் முப்பத்து நான்கு ஆகிவிட்டது.

ரெங்கம்மாள் வாரத்தில் ஆறு நாள் தன் வீட்டில் இருக்கிறாள். உப்பு ஜாடி அவள் கைக்கு எட்டுகிற இடத்தில், மூடி போட்டு நிற்கிறது. ஏழாம் நாள் அந்த மூடியையும் யாராவது திறந்து பார்க்கிறார்கள். முதல் வாரம் ஒருத்தி நாக்கில் வைத்தே பார்த்துவிட்டு, நிஜ உப்புதான் என்று கூட வந்தவளிடம் சொன்னாள். ரெங்கம்மாள் சண்டை போடவில்லை. கணக்குத்தான் போட்டாள். இருபத்து நாலும் விற்றால் கதவு மாட்டலாம். அவள் குடிவந்தபோது விற்றிருந்தது நான்கு.

ஆவணி மூன்றாம் ஞாயிறு. அடுத்த மாதம் புரட்டாசி, பால் காய்ச்ச மாட்டார்கள். மதியம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் டேப்போடு வந்தார். படுக்கையறைச் சன்னலை அளந்து, அரை அங்குலம் கோணல் என்று எபனேசரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். இது எத்தனையாவது வீடு என்று ரெங்கம்மாள் அவர் மனைவியிடம் கேட்டாள். பத்தொன்பது என்றாள் அந்த அம்மாள். அவள் கை அடுப்பு மேடையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது, அரிசி டின் எங்கே வைக்கலாம் என்று பார்க்கிற கை.

ரெங்கம்மாள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏழாம் நம்பர்ல பின்கதவு பூட்டுறதில்ல. கிழக்கு பாத்த அடுப்படி. பாலும் சிலிண்டரும் மாரிகிட்ட இருக்கு, நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அந்த அம்மாள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் இப்போது கதவில்லாத நிலைச்சட்டத்தை அளந்துகொண்டிருந்தார். அவள் ரெங்கம்மாளின் முகத்தைப் பார்த்தாள். சந்தேகம் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"பானை?"

ரெங்கம்மாள் அலமாரியைத் திறந்து வெண்கலப் பானையை எடுத்து நீட்டினாள்.

"கழுவித்தான் இருக்கு. சாயங்காலமே தந்துருங்க. போன வாரம் கொண்டுபோனவ இன்னைக்குக் காலையிலதான் தந்தா."